கண்ணாடிப் பெட்டியில் ஆறு

மந்தைவெளியில் எங்கள் அடுக்ககத்தில் கரப்பானுக்கு மருந்து அடிக்காத வீடு எங்களுடையது ஒன்றுதான். ஊரெல்லாம் செருப்பைக் கழற்றி அடிக்கும் கரப்பானை என் கணவர் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு, கேரட் நறுக்கிக் கொடுத்து வளர்க்கிறார். அமாவாசையன்று வெங்காயம்கூட அடுப்படிக்கு வராத வீடு இது. அந்தக் கரப்பான்கள் அவருடைய சிலந்திகளுக்குச் சாப்பாடு. சிலந்தி என்றால் மூலையில் ஒட்டடை கட்டிக்கொண்டு கிடக்கும் சாது இல்லை. டாரன்டுலா. உள்ளங்கை அகலம், நீலம் படர்ந்த கால்கள், உடம்பெல்லாம் ரோமம்.

பொதுவாக இந்தச் சாதியில் இரண்டை ஒரே பெட்டியில் விட்டால் மறுநாள் ஒன்றுதான் இருக்குமாம். அதுவும் கொஞ்சம் குண்டாக இருக்கும். ஆனால் அரபிக் கடலில் ஏதோ ஒரு தீவைப் பூர்வீகமாகக் கொண்ட இந்த நீலக்கால் வகை மட்டும் கூட்டுக் குடித்தனம் செய்யும் என்பார் என் கணவர். ஒரே முட்டைப் பையில் பிறந்து, பொடியிலிருந்தே சேர்ந்து வளர்ந்து, வயிறு காயாமல் பார்த்துக்கொண்டால் ஒன்றையொன்று தொடாதாம். எனக்குக் கூட்டுக் குடித்தனத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். கல்யாணமான புதிதில் இரண்டு ஓரகத்திகளோடு ஒரே அடுப்படியில் இருந்தவள் நான். தொடாது என்றால் நம்புவதற்கு ஆள் வேறு.

என் வேலையும் அப்படிப்பட்டது. ஒரு கம்பெனியில் உள்தணிக்கைப் பிரிவில் இருக்கிறேன். கிடங்கில் மூட்டை இருக்கிறது என்று எழுதியிருந்தால் போய் மூட்டையைப் பார்ப்பேன். முன்வரிசையில் சரக்கும் பின்வரிசையில் உமியும் வைத்திருப்பார்களோ என்று பின்வரிசையைக் குத்தியும் பார்ப்பேன். யாரையும் நம்பாமல் இருப்பதற்காகத்தான் எனக்குச் சம்பளமே. சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது அந்தப் புத்தியைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிடு என்றால் எப்படி? அரசாங்க இணையதளத்தில் இந்தப் பிராணிகளைப் பதிவு செய்துவிட்டேன் என்று அவர் சொன்னபோதுகூட, அந்தப் பதிவை நான் கண்ணால் பார்த்த பிறகுதான் பெட்டி வீட்டுக்குள் வந்தது.

அப்பாவும் பெண்ணுமாகச் செய்த ஏற்பாடு அது. எங்களுக்கு ஒரே பெண். அவள் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, உளுந்தம்பருப்பு அளவில் ஆறு குஞ்சுகள் வந்தன. கண்ணாடிப் பெட்டியில் தேங்காய் நார்த்தூளைக் கொட்டி, கொட்டாங்குச்சிகளை ஓட்டை போட்டுக் கவிழ்த்து, மரப்பட்டைகளைச் சாய்த்து, இருவருமாக ஒரு குடியிருப்பே கட்டினார்கள். சில மாதங்களில் அது முழுக்க வெள்ளை வலையால் மூடிக்கொண்டது. வலைக்குள் சுரங்கம், சுரங்கத்துக்குள் சுரங்கம். எது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இருட்டிய பிறகு கொட்டாங்குச்சி வாசலில் நீலக் கால்கள் நீளும். அதை வைத்துத்தான் கணக்கு.

மகள் கல்யாணமாகி தி.நகருக்குப் போனாள். பெட்டி அவளுடைய அறையிலேயே இருந்தது. அவள் உண்டான செய்தி வந்த நாளிலிருந்து எனக்கு ஒரே ஒரு நினைப்புதான். தலைப்பிரசவம். அது பிறந்த வீட்டில்தான் நடக்க வேண்டும். அவள் இங்கே வர வேண்டும், அவள் கட்டிலில் படுக்க வேண்டும், நான் அவளுக்குப் பத்தியச் சாப்பாடு போட வேண்டும். அலுவலகத்தில் விடுப்புக்கூடச் சொல்லி வைத்துவிட்டேன். என் அம்மா எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்யாமல் போனால் அந்தக் குறை என்னைச் சாகும்வரை விடாது.

வளைகாப்பு எங்கள் வீட்டில் நடந்தது. கண்ணாடி வளையல் அடுக்கி, சித்ரான்னங்கள் கட்டி, எல்லாரும் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, அப்பாவும் பெண்ணும் அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் இருந்தார்கள். போகட்டும், பெண்ணைப் பார்த்து மனசு இளகிப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். வழக்கமாக அன்றைக்கே பெண்ணைப் பிறந்த வீட்டில் நிறுத்திக்கொள்வார்கள். எங்கள் பெண்ணோ, சம்பந்திகளோடு காரில் ஏறிவிட்டாள். மறுநாள் போனில்தான் காரணம் சொன்னாள்.

"மாமியார் பயப்படறாம்மா. அந்தப் பூச்சி இருக்கற ஆத்துல எப்படி இருப்பேன்னு கேக்கறா. ஒம்பதாம் மாசம் பாத்துக்கலாம்."

"பெட்டியைத் தூக்கி யார்கிட்டயாவது குடுத்துடச் சொல்றேன். நீ கெளம்பி வா."

"ஐயோ, அப்பாவை அப்படியெல்லாம் படுத்தாதே. ஆறும் பெட்டிக்குள்ள பத்திரமா இருந்தாப் போறும். நான் அவாகிட்ட பேசிக்கறேன்."

நியாயமாகச் சம்பந்தி மாமியை நேரில் கேட்டிருக்க வேண்டும். ஊரையே நிற்க வைத்துக் கேள்வி கேட்கிற நான் அங்கே மட்டும் கேட்கவில்லை. பெண்ணைக் கொடுத்த இடம். நாம் ஒன்று கேட்டு, அவர்கள் அதை வேறாக எடுத்துக்கொண்டு, அது நம் பெண்ணின் தலையில் விடிந்தால்? பெண் வீட்டார் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. அதனால் சம்பந்தி மாமியை மனசுக்குள் மட்டும் நன்றாகத் திட்டினேன். ஆறும் பத்திரமாக இருந்தால் போதும் என்றால், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன்.

தினமும் விளக்கு ஏற்றிய கையோடு அந்த அறைக்குப் போவேன். "ஆறும் இருக்கா?" என்பேன். "இருக்கு, இருக்கு" என்பார். சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் கண்ணாடியைத் துடைக்கும்போது சொன்ன எதுவும் உண்மையாக இருந்ததில்லை. நானே குனிந்து எண்ணுவேன். ஒன்று மரப்பட்டைக்கு அடியில், இரண்டு பெரிய கொட்டாங்குச்சி வாசலில், ஒன்று தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில், ஒன்று வலைக்குள் நிழலாக, இன்னொன்று இடது மூலையில். ஆறு. சரியாகத்தான் இருந்தது. எல்லாம் சரியாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகமே வரும்.

அந்த இடது மூலைக்காரிதான் உறுத்தினாள். மற்றவை நாளுக்கு நாள் இடம் மாறும். இவள் அங்கேயே, அதே வாட்டத்தில், ஒரு காலை மட்டும் வலைக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருப்பாள். நான் டார்ச் அடித்தால் உடனே அவர், "வெளிச்சம் அதுகளுக்கு ஆகாது" என்று என் கையை விலக்குவார். கரப்பானைப் போடும்போது மற்றவை பாயும். இரண்டு சேர்ந்து ஒரே கரப்பானை இழுத்து, சண்டை போடாமல் தின்பதைக்கூடப் பார்த்திருக்கிறேன். இவள் மட்டும் திரும்பக்கூட மாட்டாள்.

"அது ஏன் சாப்பிட மாட்டேங்கறது?"

"தோல் உரிக்கப் போறது. அந்தச் சமயத்துல சாப்பிடாது."

கண்ணாடியைத் துடைத்தார்.

வேறு சில காரியங்களும் எனக்குப் பிடிபடவில்லை. பால்கனியில் நின்றுகொண்டு தணிந்த குரலில் போன் பேசுவார், நான் போனால் "அப்புறம் பேசறேன்" என்பார். ஈக்காட்டுத்தாங்கலில் அவர் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பட்டறைக்குத் திடீர் திடீரென்று கிளம்புவார், பழைய சிநேகிதர்களைப் பார்க்க என்று. கிளம்புமுன் கரப்பான் தொட்டிக்குப் பக்கத்தில் சற்றுநேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். ஒருநாள் அவர் பையில் மூடியில் ஓட்டை போட்ட சின்ன டப்பா ஒன்றைப் பார்த்தேன். காதில் வைத்தால் உள்ளே சரசரவென்றது. பட்டறைக்குக் கரப்பான் எதற்கு? யாருக்கு?

வேலைக்கு வரும் அம்மாவையும் நான் விடவில்லை. அவள் பெரும்பாக்கத்திலிருந்து பஸ் மாறி வருபவள். பெருக்கும்போது பெட்டி மூடியைத் திறந்தாயா என்று கேட்டேன். விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டாள்.

"இன்னாம்மா கேக்குற? அத்த பாத்தாலே எனக்கு கொல நடுங்குது. நானா தொறப்பேன்? ஐயாதான் எப்பப் பாத்தாலும் அத்த தொறந்து வச்சிகினு என்னாத்தையோ நோண்டிகினு கீறாரு. அவர கேளு."

கேட்டேன். வலையைச் சரி செய்கிறேன் என்றார். சிலந்தி கட்டிய வலையை மனுஷன் சரி செய்கிறானாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டாமா?

ஒன்பதாம் மாதம் பிறந்தது. மகள் வரும் நாளை மட்டும் சொல்லவில்லை. நான் தினமும் போன் செய்தேன். சாப்பிட்டியா, என்ன சாப்பிட்டே, யார் பண்ணினா, டாக்டர் என்ன சொன்னார், அப்படியேவா சொன்னார், நீ எதையாவது விட்டுட்டியா, காலில் வீக்கம் இருக்கா, போட்டோ அனுப்பு. அவள் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லுவாள். நேரில் வருகிறேன் என்றால், "நானே வரேம்மா, நீ அலையாதே" என்பாள். பக்கத்தில் மாமியார் நிற்கிறாள், அதனால்தான் குழந்தை வாயைத் திறக்க முடியவில்லை என்று எனக்கு வயிறு எரியும்.

ஒரு சனிக்கிழமை காலை. என் கணவர் ஈக்காட்டுத்தாங்கல் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். நான் அந்த அறைக்குள் போய் ஜன்னலைத் திறந்து, திரையை விலக்கினேன். நல்ல வெயில் பெட்டிக்குள் விழுந்தது. மற்றவை எல்லாம் சுரங்கத்துக்குள் ஓடி ஒளிந்தன. இடது மூலைக்காரி அசையவில்லை. ஒரு கரப்பானைப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான், மூடியை லேசாகத் தூக்கி அந்த மூலையில் போட்டேன். அது மெதுவாக நடந்து, நீட்டியிருந்த காலில் ஏறி, முதுகுக்குப் போய், அங்கே உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டது.

அவருடைய நீளமான இடுக்கியை எடுத்து, மூடியை முழுக்கத் திறந்து, அந்தக் காலைப் பிடித்துத் தூக்கினேன். எடையே இல்லை. வெங்காயச் சருகு மாதிரி வந்தது. திருப்பிப் பார்த்தேன். கால், பல், ரோமம் எல்லாம் அச்சு அசல். தலைப்பக்கம் மட்டும் ஒரு மூடி திறந்து உள்ளே காலியாக இருந்தது. சிலந்தி உரித்துப் போட்ட சட்டை. அதை வலைக்குள் செருகி, ஒரு காலை வெளியே நீட்டி வைத்திருந்தது நிச்சயமாகச் சிலந்தி இல்லை.

முன்வரிசையில் சரக்கு, பின்வரிசையில் உமி. என் வீட்டிலேயே.

அப்படியானால் ஆறாவது எங்கே? மற்ற ஐந்தும் தின்றிருந்தால் தொல்லை விட்டது. தின்னாமல் அது வெளியே போயிருந்தால்? கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், மெத்தையைப் புரட்டினேன், குழந்தைக்கென்று மடித்து வைத்திருந்த பழம்புடவைகளை ஒவ்வொன்றாக உதறினேன். அவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை, துண்டித்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அன்றைக்கு அலமாரி இடுக்கு, தலையணை உறை, தூளிக் கொக்கி எல்லாவற்றிலும் எட்டுக் கால் தெரிந்தது.

அப்புறம் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். ஏனென்றால் செய்ய வேண்டியது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. நானே போய்ச் சொல்ல வேண்டும். ஒன்று காணவில்லை, இங்கே வராதே என்று. மறைத்துவிட்டு அவளை வரவழைக்கலாம், ஆறும் இருக்கிறது என்று நானும் சொல்லலாம். அந்த எண்ணம் வரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைத்தாய்ச்சி. சட்டையை ஒரு எவர்சில்வர் சம்புடத்தில் போட்டு, ஆட்டோ பிடித்து தி.நகருக்குப் போனேன். வழியெல்லாம் சம்பந்தி மாமியிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். நீங்கள் பயந்தது சரிதான் மாமி, மன்னித்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தி வீட்டு வாசலில், வரிசையாக இருந்த செருப்புகளுக்கு நடுவில், இடது குதிகால் தேய்ந்த செருப்பு ஒரு ஜோடி. அதை எனக்குத் தெரியாதா?

கதவைத் திறந்த சம்பந்தி மாமி, "வாங்கோ மாமி, வாங்கோ! இப்பத்தான் மாமாவும் வந்தார்" என்றாள். உள்ளே என் கணவர் காபி டம்ளரோடு நிமிர்ந்தார். என்னைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றப் போனார்.

"தொடைக்காதீங்கோ" என்றேன். சம்புடத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தேன். "மாமி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எங்காத்துல ஆறு இல்லை, அஞ்சுதான். ஒண்ணு எங்கேயோ போயிடுத்து. இவர் இந்தச் சட்டையை வெச்சு என்னை ஏமாத்திண்டு இருந்திருக்கார். நீங்க பயந்தது நியாயம். குழந்தையை அனுப்ப வேண்டாம்."

சம்பந்தி மாமிக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தாள், என் கணவரைப் பார்த்தாள்.

"நான் பயந்தேனா? எதுக்கு? இதோ இங்கன்னா இருக்கு" என்று புத்தக அலமாரியைக் காட்டினாள். இரண்டாம் தட்டில் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி. அதில் ஒரு கொட்டாங்குச்சி. அதன் வாசலில் நீலக் கால்கள். "வளைகாப்பன்னிக்குச் சீர்ப் பையில வந்துதே. உங்களுக்குத் தெரியாதா? மொதல்ல எனக்கும் உடம்பெல்லாம் கூசித்து. இப்போ நான்தான் தண்ணி வெக்கறேன். மாமா வாரா வாரம் சாப்பாடு கொண்டுவந்து போட்டுட்டுப் போறார்."

மகள் அறையிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து கதவருகில் நின்றாள். நான் அவளைப் பார்த்த பார்வையில் என்ன இருந்ததோ, சம்பந்தி மாமி, "பால் பொங்கிடும்" என்று சமையலறைக்குப் போனாள். என் கணவரும் அவள் பின்னாலேயே போனார், அங்கே அவருக்கு என்ன வேலையோ.

"எதுக்குடி இத்தனை நாடகம்?" என்றேன். "பொய்யா சொன்னே? மாமியார் பயப்படறான்னு?"

"ஆமாம்மா."

"ஏன்?"

"அங்க வரக்கூடாதுன்னுதான்." சுவரில் சாய்ந்துகொண்டாள். "அதுல ஒண்ணு சின்னது, கூட்டத்தோட ஒட்டாம ஓரமாவே இருந்துது, சரியாவே சாப்பிடலை. தனியா வெச்சுப் பாக்கறேன்னு நான்தான் அப்பாகிட்ட கேட்டு வாங்கிண்டேன். இங்க வந்தப்புறம் நன்னா சாப்பிடறது. இதைச் சொன்னா நீ ஆயிரம் கேள்வி கேப்பே. அதான் அப்பா சட்டையை வெச்சார். நான் சொன்ன பொய்க்குப் பூச்சி ஒரு சாக்கும்மா. அவ்வளவுதான்."

"நான் என்னடி பண்ணினேன் உனக்கு?"

"நீ எனக்கு எல்லாம் பண்ணுவே. தெரியும். ஆனா நான் என்ன சொன்னாலும் அது நெஜமான்னு பாப்பே. பசிக்கலைன்னா ஏன்னு கேப்பே. தூங்கினேன்னா நம்ப மாட்டே. குழந்தை பொறந்தப்புறம், அது அழறச்சே, ஒவ்வொண்ணுக்கும் உனக்குப் பதில் சொல்லிண்டே இருக்க என்னால முடியாதும்மா. இங்க யாரும் என்னைச் சோதிக்கறதில்லை."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. நான் சந்தேகப்பட்டது தப்பா? இருவருமாகச் சேர்ந்து மறைத்தார்கள்தானே? மூலையில் இருந்தது வெறும் சட்டைதானே? ஒவ்வொன்றிலும் நான்தான் சரி. அத்தனையும் சரியாக இருந்தும், என் பெண் என் வீட்டுக்கு வர மாட்டேன் என்று எதிரில் நின்று சொல்கிறாள். சம்பந்தி வீட்டுச் சோபாவில் உட்கார்ந்துகொண்டு, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். அழக்கூடாத இடம் அது.

அவள் மெதுவாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வளைகாப்பு வளையல்கள் என் மணிக்கட்டில் இடித்தன. இவள் இப்படி என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து எத்தனை வருஷமாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"நான் வரேம்மா" என்றாள் கடைசியில். "நீ ஒண்ணும் கேக்காம இருந்தா வரேன்."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"எப்போ?" என்றேன்.

என் வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே அது கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில். கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, சோபாவின் கையைப் பிடித்து எழுந்து, உள்ளே போனாள்.

பேரன் தி.நகரில்தான் பிறந்தான்.